ஒரே குடும்பம் என்று நான் எழுதிய படிவம்

ஓய்வு பெற்றபின் எனக்குப் பகல் தூக்கம் பழகிவிட்டது. மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால் பதுளை நகரத்துச் சத்தங்கள் ஒவ்வொன்றாக விலகிப் போகும். ரயில் கூவுவது மட்டும் கொஞ்ச நேரம் கேட்கும். பிறகு பார்த்தால் நான் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டு லயத்துக்கு முன்னால் கையில் படிவக் கட்டோடு நின்றுகொண்டிருப்பேன். மூடுபனியில் கூரை தெரியாது, மலை தெரியாது, வரிசையாகக் கதவுகள் மட்டும் தெரியும். ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவேன். கதவு திறக்கும், முகம் தெரிவதற்குள் விழித்துவிடுவேன். என் மனைவி, "கனவுலயும் களப்பணிதானா? அதுக்குப் பயணப்படி எதுவும் தாறாங்களா?" என்று கேட்பாள்.

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். படிவம் நிரப்ப உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் டெப் திரையைத் தட்டினால் அது தானே கூட்டிக் கழித்துக்கொள்கிறது. நான் சொல்ல வந்தது நான் செய்த பிழையைப் பற்றி. அதை வருடக்கணக்காகப் பாதிதான் சொல்லி வந்திருக்கிறேன். இன்று மீதியையும் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் திட்டத்தைப் பற்றி இரண்டு வரி, அப்போது இல்லாதவர்களுக்காக. நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனால் மருந்துத் தட்டுப்பாடு வந்த காலத்தில், ஆஸ்பத்திரியில் இல்லாததை நோயாளி வெளியே வாங்கிவர வேண்டியிருந்தது. அந்த வெளிச் செலவுக்காக எங்கள் பிரதேசத்தில் பரீட்சார்த்தமாக ஒரு மருத்துவக் காப்புறுதி வந்தது. முடிந்தவர்கள் தவணை கட்டுவார்கள், முடியாதவர்களுக்கு அரசாங்கமே கட்டும். யார் முடியாதவர் என்பதை எங்கள் படிவம் முடிவு செய்யும். படிவம் என்று சொல்கிறோமே தவிர, முடிவு செய்வது அதைப் பிடித்திருக்கும் கைதான். அந்தக் கை என்னுடையதாக இருந்தது.

என்னை அந்த வேலைக்குப் போட்டதற்குக் காரணமும் உண்டு. நான் தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்தில் பிறந்தவன். "உங்களுக்குத் தெரியாததா?" என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் முதல் வாரமே வேலை நாளில், காலை பெரட்டில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பியபின் போய்ச் சேர்ந்தேன். வீடுகளில் பென்சன்காரர்களும் கோழிகளும்தான் இருந்தார்கள். கேட்டதற்கெல்லாம் பென்சன்காரர்கள் பதில் சொன்னார்கள், கோழிகள் என் பையைக் கொத்தின. லயத்தில் பிறந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? நானே என்னைத் திட்டிக்கொண்டு, அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனுக்குப் போனேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பஸ் விட்ட இடத்திலிருந்து நடக்க வேண்டும். மழை இல்லை, வெயிலும் இல்லை. பனி மலையிலிருந்து இறங்கித் தேயிலைக்கு மேலே அப்படியே படுத்திருந்தது. எங்கோ ஜெபக்கூடத்தில் பாடுகிறார்கள், பாட்டு மட்டும் வருகிறது, கூடம் எங்கே என்று தெரியவில்லை. என் காலடிச் சத்தம்கூட வேறு யாரோ நடப்பது மாதிரி இருந்தது. அந்த நடையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அப்படி மிதந்துகொண்டு போய்த்தான் பிழை செய்தேன்.

லயத்தின் நடுக் காம்பரா, அந்த நடு வீடு, சவரிமுத்துவுடையது. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர், ஜெபக்கூடத்துக்கு மூப்பர். பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு அப்போதுதான் வந்திருந்தார். வீட்டு முகப்பில் இருக்கும் இஸ்தோப்பில் எனக்கு நாற்காலி போட்டார். அவருடைய மனைவி செபமாலை பிளேன்டீ கொண்டுவந்தார். மகன் கொழும்பில் கடையில் வேலை செய்கிறான், மாதா மாதம் பணம் அனுப்புகிறான். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருந்தது, அதன்மேல் மாதாவின் படம் இருந்தது.

கதவுக்குப் பின்னால், கொஞ்சம் ஒதுங்கி, இன்னொரு பெண் தலையைக் குனிந்தபடி நின்றார். மரியபுஷ்பம். சவரிமுத்துவின் தம்பி அந்தோனியின் மனைவி. அந்தோனி இறந்து மூன்று வருடமாகியிருந்தது. மரியபுஷ்பமும் பள்ளிக்கூடம் போகும் மகளும் அதே காம்பராவில், பலகை அடித்துப் பிரித்த பின்பகுதியில் இருந்தார்கள். கொழுந்து பறிக்கிற வேலை.

"எல்லாரும் ஒரே குடும்பமா, தனித் தனியா?" என்று கேட்டேன். படிவத்தின் முதல் கேள்வியே அதுதான். ஒரே உலையில் சோறு வேகிறவர்கள் ஒரு குடும்பம் என்று அதில் விளக்கமும் போட்டிருந்தது.

"ஒரே குடும்பந்தாங்க. ஒண்ணுமண்ணாத்தான் இருக்கோம்" என்றார் சவரிமுத்து.

நான் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்து, "அப்படித்தானே?" என்றேன்.

"ஆமாங்க" என்றார் மரியபுஷ்பம், தலையை நிமிர்த்தாமல்.

எழுதிக்கொண்டேன். ஆனால் அந்தக் காம்பராவை நெருங்கும்போதே நான் பார்த்திருந்தேன், பின்பக்கம் இரண்டு இடத்தில் புகை போய்க்கொண்டிருந்தது. இரண்டு புகை என்றால் இரண்டு அடுப்பு. அது எனக்குத் தெரியாமலா? நான் பிறந்த வீட்டிலும் சித்தப்பா அடுப்பு தனி. யாராவது வெளி ஆள் வந்து கேட்டால் நாங்களும் ஒண்ணு என்றுதான் சொல்வோம். லயத்தில் உலை பிரிந்ததை வெளி ஆளிடம் சொல்வது, எங்களுக்குள் சண்டை என்று தோட்டத்துக்கே தம்பட்டம் அடிக்கிற மாதிரி. அதிலும் ஜெபக்கூடத்து மூப்பர் சொல்வாரா? அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று நன்றாகத் தெரிந்த ஒரே உத்தியோகத்தன் நான். நான்தான் அதை அப்படியே எழுதினேன். பெரிய மனிதரை மறுத்துக் கேட்பது மரியாதையில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இன்னும் ஏழு காம்பரா மிச்சம் இருந்ததும், கடைசி பஸ்ஸுக்கு நேரமானதும் உண்மை. மீதிப் பக்கங்களை அங்கேயே மளமளவென்று நிரப்பிக்கொண்டு எழுந்தேன்.

ஒரே குடும்பம் என்று எழுதியதும் மகன் அனுப்புவதும் குளிர்சாதனப் பெட்டியும் எல்லாம் மரியபுஷ்பத்தின் கணக்கிலும் ஏறிவிட்டன. பட்டியல் வந்து பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டியபோது அவருடைய பெயர் இல்லை. மேன்முறையீடு செய்ய நாள் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டிலிருந்து எதுவும் வரவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

மேன்முறையீட்டுக் கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, பிரஷர் மாத்திரை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கண் கிளினிக் வாசலில் ஒரு பெண் சுவரைத் தொட்டுத் தொட்டு வந்து, வாங்குப் பலகையைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். முகம் தெரிந்த முகமாக இருந்தது.

"மரியபுஷ்பந்தானே?"

அவர் என் பக்கம் திரும்பினார். ஆனால் பார்வை என் தோளுக்கு மேலே எங்கோ நின்றது. "யாருங்க?"

"காப்புறுதிப் படிவம் எழுத வந்த சேர்."

"வாங்க சேர், ஒக்காருங்க" என்றார், ஏதோ அவருடைய வீட்டு இஸ்தோப்பு மாதிரி.

கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருக்கிறது. ஒரு கண்ணிலாவது உடனே சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். அடுத்த மாதக் கடைசியில் நாள் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த லென்ஸ் முடிந்துவிட்டதால், வெளியே வாங்கி வந்தால் அந்த நாளில் செய்யலாம், இல்லையென்றால் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். கொப்பியின் முதல் திகதி நான் லயத்துக்குப் போய்வந்ததற்கு அடுத்த மாதம். எனக்கு அது மனதில் பதிந்தது. ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

"பொறுத்திருந்தா என்ன?" என்று கேட்டேன்.

"கொழுந்தை வெரலால தடவித்தாங்க பறிக்கிறேன். முத்தல் எலை கூடுதுன்னு கங்காணி ஏசுறாரு. பாவம், அவரும் எத்தன நாளைக்கிப் பாப்பாரு? இப்புடியே போனா பேரு போட மாட்டாங்க." பேர் போடாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. மகள் அடுத்த வருடம் பரீட்சை எழுத வேண்டும் என்றும் சொன்னார்.

"உங்களுக்குக் காப்புறுதி அட்டை கெடைச்சிருக்கணும் பிள்ளை. மேன்முறையீடு ஏன் போடல?"

"எழுதினது சரிதானேங்க."

"ஒல தனிதானே?"

கிளினிக்கில் பெயர் கூப்பிடுகிறார்களா என்று காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"அவுக செத்தப்ப பொட்டியத் தூக்கினது பெரிய மச்சாந்தாங்க. நாங்க இருந்த காம்பராவத் தோட்டத்துல திருப்பிக் கேட்டாங்க. தொரைகிட்ட நேராப் போயி, 'அது எங்க குடும்பம், எங்ககூடத்தான் இருக்கும்'னு சொல்லி என்னையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டு வந்தாரு. பொறகு ஒரு பருப்புச் சட்டிக்காக எனக்கும் அக்காவுக்கும் வாய்த் தகராறு, ஒல தனியாச்சு. அதை அவரு ஒரு நாளும் வெளிய சொன்னதில்ல. ஒண்ணுன்னு அவரு சொன்ன சொல்லுலதான் சேர் நான் குடியிருக்கேன். அத நானே பொய்யின்னு எழுதிக் குடுக்கவா?"

பெயர் கூப்பிட்டார்கள், சுவரைத் தொட்டுக்கொண்டு எழுந்து போனார். என் மாத்திரையை வாங்க மறந்து வீடு வந்து சேர்ந்தேன். வெட்கமாக இருந்தது. அன்று இரண்டு புகையைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்த எனக்குத்தான் வெட்கம், அவருக்கு என்ன?

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், நாளைக்கு உங்களுக்கும் இப்படி ஒரு வாரம் வரும். கணினியில் அந்தப் படிவத்தைத் திறக்கும் கடவுச்சொல் என்னிடம் இருந்தது. பக்கத்து மேசைக்காரர், "மாத்திவிடுங்க அண்ணே, நல்ல காரியந்தானே. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். திறந்தும் வைத்தேன். ஒரு குடும்பத்தை இரண்டாக்க ஒரு நிமிடம் ஆகாது. அந்த நேரத்தில் என் கண்முன் வந்தது சட்டமோ ஒழுங்குமோ இல்லை, பெரட்டுக் களத்துப் பலகை. திருத்திய பட்டியலும் அங்கேதான் ஒட்டப்படும். சவரிமுத்து காலையில் வேலைக்கு நிற்கும்போது, தோட்டமே பார்க்க, தம்பி குடும்பத்தின் பெயர் மட்டும் தனியாக நிற்பதைப் பலகையில் வாசிப்பார். அந்தப் பெண்ணுக்குக் கண் கிடைக்கும், கூரை போய்விடும். கணினியை மூடிவிட்டேன்.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான மெடமிடம் போனேன். சிங்களப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், அதிகம் பேச மாட்டார். நடந்ததைச் சொல்லி, பிழை என்னுடையது என்றேன். அவர் இரண்டு கேள்வி கேட்டார்.

"நீங்கள் படிவம் எழுதிய அன்று அவருடைய கண் எப்படி இருந்தது?"

"நன்றாகத்தான் இருந்தது மெடம். கிளினிக் கொப்பியில் திகதியே அதற்குப் பிறகுதான்."

"அப்படியானால் கண்ணைக் காரணம் காட்ட வழி இல்லை. புதிதாக வந்த நோய் அடுத்த கணக்கெடுப்பில்தான் சேரும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "குடும்பத் தலைவர் என்று யாரை எழுதினீர்கள்?" என்றார்.

"சவரிமுத்துவை."

"எழுதியதைப் பிரிக்க அவர்தான் வந்து சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள். நீங்கள் செய்த பிழையை நீங்களே எழுதித் தாருங்கள், அதையும் சேர்த்து வைக்கிறேன். ஆனால் அவரிடம் ஒரு பொய்யையும் வாங்கி வராதீர்கள்."

எழுதிக் கொடுத்தேன். புதன்கிழமை மத்தியானம், மலை வேலை முடியும் நேரத்துக்கு, மறுபடி மேல் டிவிசனுக்கு ஏறினேன். இந்தத் தடவை படிவம் கொண்டுபோகவில்லை, பேனாகூட இல்லை. சவரிமுத்து ஜெபக்கூடத்தில் தனியாக மெழுகுதிரித் தண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் பனி நின்றது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். இரண்டு மூன்று தண்டு முடிந்தது. வந்த காரியத்தைப் பேசாமலே இருந்துவிட்டுப் போகலாம் போல இருந்தது.

"அன்னைக்கி நான் ரெண்டு பொகை பாத்தேங்க" என்றேன் கடைசியில். "பாத்தும் எழுதல. தப்பு என்னோடது."

அவர் துணியை வைத்துவிட்டார். "இப்ப எங்க குடும்பத்தப் பிரிச்சு எழுத வந்திருக்கீங்களா?"

"இல்லீங்க. உங்ககிட்டச் சொல்ல வந்தேன்."

"தம்பி சாகும்போது என் கையப் புடிச்சிக்கிட்டு ஒண்ணுதான் கேட்டான். 'அவளத் தனியா விட்டுறாதண்ணே'ன்னான். மாதா முன்னால சரின்னேன். எங்க வீட்டுப் பொம்பளைங்க ஒலையப் பிரிச்சிக்கிட்டாங்க, அது என் கையில இல்ல. ஆனா என் வாயால தனின்னு நான் சொல்ல மாட்டேன். கவுர்மெண்டுல வந்து கேட்டாலுஞ் சரி, சாமியாரு வந்து கேட்டாலுஞ் சரி."

நான் அதற்கு மேல் வாதாடவில்லை. சொல்ல ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. "அவங்களுக்குக் கண்ணு தெரியலைங்க. கொழுந்தத் தடவித்தான் பறிக்கிறாங்க."

"கண்ணுல தூசுன்னு சொல்லிச்சு" என்றார் சவரிமுத்து. அவருக்குத் தெரியாது. ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர், நம்புவீர்களா, அவருக்குத் தெரியாது. மரியபுஷ்பம் மறைத்து வைத்திருந்தார். வேலை போய்விட்டால் பெரியவருக்குப் பாரம் என்று நினைத்திருக்கலாம். சவரிமுத்து எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். வெள்ளிக்கிழமை நாலு மணி என்பதை அவருடைய முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். கீழே வருகிறவரைக்கும் பனி என்னை விடவேயில்லை, எந்தச் சந்தில் திரும்புகிறேன் என்றே தெரியாமல் நடந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. மூன்று மணியானது. ஒருவரும் வரவில்லை. பக்கத்து மேசைக்காரர் என் கணினியைக் கண்ணால் காட்டினார். மாட்டேன் என்று தலையாட்டினேன். மூன்றரைக்கு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபோது, படியில் ஒரு வெள்ளைச் சட்டை ஏறி வந்துகொண்டிருந்தது.

சவரிமுத்து ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் வந்திருந்தார். மடித்த குடையின் ஒரு முனை அவர் கையில், மறு முனை பின்னால் வந்த மரியபுஷ்பத்தின் கையில். எங்கள் பக்கத்தில் அண்ணன்காரன் தம்பி மனைவியைத் தொட்டுப் பேசுகிற வழக்கம் இல்லை. கைபிடித்துக் கூட்டிவர முடியாது. அதனால் குடை. இரண்டு பஸ் மாறி, அந்தச் சந்தையடி நெரிசலுக்குள்ளும் அப்படியே வந்திருக்கிறார்கள். படியில் ஒவ்வொரு அடிக்கும், "இதுல ஒரு படி" என்று திரும்பாமலே சொல்லிக்கொண்டு ஏறினார்.

மெடம் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். சவரிமுத்து உட்காரவில்லை. அலுவலகம் நிறைய ஆட்கள் இருந்தார்கள், தோட்டத்து ஆட்களும் இருந்தார்கள். மெடம் சிங்களத்தில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன்.

"இவங்க உங்க குடும்பமா, வேற குடும்பமான்னு கேக்கிறாங்க."

அவர் என்னைப் பார்த்தார். மெடமைப் பார்த்தார். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எங்க குடும்பந்தாங்க" என்றார். அவர் மூச்சை இழுத்துவிட்டு மறுபடி தொடங்கினார். "எங்க குடும்பந்தான். சோறு மட்டும் தனியா வேகுது. அதுக்குத்தான் ஏதோ எழுதணும்னாங்களே, அத எழுதிக்கங்க."

நான் அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னேன். மெடம் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார். படிவம் கேட்டதும் சோறு எங்கே வேகிறது என்பதைத்தான். ஒண்ணு என்ற சொல்லை விட்டுக்கொடுக்காமல் உண்மையையும் சொல்ல ஒரு வழி இருந்திருக்கிறது. அத்தனை வருடம் சேவை செய்த எனக்கு அது தோன்றவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவர் அந்த வாக்கியத்தை மனதுக்குள் கட்டிக்கொண்டே வந்திருக்க வேண்டும். மரியபுஷ்பம் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் ஒன்று கேட்டார். "இந்தக் காயிதம் தொரைக்குப் போகுமாங்க?"

மெடம் கேட்டுவிட்டு, "போகாது. பலகையிலும் பெயர் மட்டும்தான் இருக்கும், காரணம் இருக்காது" என்றார்.

அட்டை வந்தது, லென்ஸ் வந்தது, குறித்த நாளில் வலக் கண்ணுக்குச் செய்தார்கள். இந்தக் கதையை நான் எத்தனையோ பயிற்சி வகுப்பில் இதுவரைக்கும் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கை தட்டியிருக்கிறார்கள். பதிலை எழுதாதே, பதிலுக்குப் பின்னால் இருக்கிற வழக்கத்தைப் புரிந்துகொண்டு எழுது என்று முடிப்பேன். நல்ல பாடம்தான், அதில் ஒன்றும் பொய் இல்லை.

மீதி இதுதான். அடுத்த வருடம் அட்டை புதுப்பிக்க அதே டிவிசனுக்குப் போனேன். நல்ல வெயில் நாள். அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த மலையில் நான் பார்த்ததேயில்லை, ஒவ்வொரு தேயிலைச் செடியும் தனித் தனியாகத் தெரிந்தது. மரியபுஷ்பம் கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருங்க?"

"என்ன பிள்ளை, மறந்துட்டீங்களா?"

குரலைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சேரா? ஐயோ, நான் ஒங்கள சின்ன வயசு ஆளுன்னுல்ல நெனைச்சிக்கிட்டு இருந்தேன். தலையெல்லாம் நரைச்சிருக்கே."

நானும் சிரித்தேன். "மொத நாள் படிவம் எழுத வந்தப்பவே பாத்தீங்களே?"

"எங்கங்க பாத்தேன்? அப்பவே தெரியாதே. நாற்காலியில வெள்ளையா ஒரு உருவம் ஒக்காந்திருந்துச்சு. சத்தம் வந்த பக்கம் ஆமாங்கன்னேன். அதுக்கும் ஆறேழு மாசத்துக்கு முந்தியே போயிருச்சுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் பயந்துகிட்டுக் கெடந்தேன்."

அன்று அவர் கொடுத்த தேநீரை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை. அலுவலகத்துக்கு வந்ததும் பழைய படிவக் கட்டை அவிழ்த்து அவர்களுடையதை எடுத்தேன். நாலாம் பக்கம். ஒவ்வொரு ஆளுக்கும் பார்வை, செவி, நடை, ஏதாவது கஷ்டம் உண்டா என்று பெட்டி பெட்டியாக இருக்கும். உங்களுக்குத் தெரியும், டெப்பிலும் அது இருக்கிறது. பார்வைப் பெட்டியில் 'ஆம்' என்று விழுந்தால், குடும்ப வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அந்த ஆளுக்கு அட்டை உண்டு. மெடம் அன்று முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார். மரியபுஷ்பம் பெயருக்கு நேரே 'இல்லை' என்று என் கையெழுத்தில் இருந்தது. அந்தப் பக்கம் முழுக்கவே எல்லோருக்கும் 'இல்லை'தான். நான் ஒருவரையும் கேட்கவில்லை. எழுந்து நிற்கிறவர்களுக்கெல்லாம் மளமளவென்று இல்லை போட்டுக்கொண்டு போவது எனக்குப் பழகிப்போயிருந்தது. தலை குனிந்து நின்றது அடக்கம் என்று நினைத்தேன். ஒரு தரம் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால், உலை ஒன்றா இரண்டா என்ற பேச்சே வந்திருக்காது. தம்பிக்குக் கொடுத்த வாக்கை நாலு பேர் முன்னால் வைத்து அளந்து அளந்து சொல்ல வேண்டிய நிலை சவரிமுத்துவுக்கு வந்திருக்காது.

மெடமிடம் சொன்னேன். அவர் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மற்ற லயங்களின் நாலாம் பக்கத்தையும் எடுத்து வரச் சொன்னார். இரண்டு பேருமாக ஒரு மாதம் ஏறி இறங்கித் திருத்தினோம். எத்தனை 'இல்லை' 'ஆம்' ஆனது என்று கேட்காதீர்கள்.

சவரிமுத்துவிடம் மட்டும் நான் சொல்லவேயில்லை. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் பதுளைக்கு வருகிறபோது என் வீட்டுக்கு வருகிறார். ஒரு பையில் பட்டர்ப்பழம் கொண்டுவருவார். உட்காரச் சொன்னால் இப்போதும் கொஞ்சம் யோசித்துத்தான் உட்காருவார். புறப்படும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஒங்க புண்ணியத்துலதான் சேர் அந்தப் புள்ளைக்கிக் கண்ணு வந்துச்சு" என்கிறார். நான் ஒவ்வொரு வருடமும், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லி அந்த நன்றியை வாங்கிக்கொள்கிறேன்.